ஆட்டுத் தீவனத்தில் தழையும் மூலிகையும்: இறைச்சியின் தரம் உயருமா?

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் மூன்று நான்கு ஆடுகள் நிற்பது புதுமையன்று. கூலி தாமதமாகும் மாதத்திலும், மழை பொய்த்த பருவத்திலும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் பெரியவரின் மருத்துவச் செலவுக்கும் முதலில் கைகொடுப்பது கொட்டிலில் நிற்கும் ஆடேயாகும். ஆதலின் ஆட்டுக்கு என்ன தீவனம் இடுகிறோம் என்பது நம் குடும்ப வரவு செலவைத் தொடும் விஷயமாகும்.

அண்மைக் காலமாகத் தீவனக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் 'மூலிகைத் தீவனப் பொடி' என்ற பெயரில் பல பொட்டலங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை உண்ட ஆடு விரைவில் கொழுக்கும் என்றும், இறைச்சி மிருதுவாகவும் நல்ல நிறத்துடனும் இருக்கும் என்றும் விற்போர் கூறுகின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு? ஆட்டை விற்று வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பொடிக்குச் செலவிடுவது தகுமா? அங்கத்தினர் மனத்தில் எழும் இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் தரும் விடையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இறைச்சியின் தரம் என்பது யாது?

தரம் என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் வழங்குகின்றனர். வியாபாரிக்கு எடையே தரம். கசாப்புக் கடைக்காரருக்கு எலும்புக்கு மேல் எவ்வளவு சதை தேறும் என்பதே தரம். வாங்கி உண்போருக்கு நிறம், மணம், மிருதுத்தன்மை, கெடாமல் இருக்கும் நேரம் ஆகியவை தரம். இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத தரம் ஒன்றும் உண்டு. மருந்தின் எச்சமோ பூச்சிக்கொல்லியின் எச்சமோ இறைச்சியில் இல்லாதிருத்தலே அது.

இவற்றுள் சில தீவனத்தால் மாறக்கூடியவை, சில மாறாதவை. இறைச்சியின் மிருதுத்தன்மை பெரும்பாலும் ஆட்டின் வயதையும், அறுத்தபின் அதைக் கையாளும் முறையையும் பொறுத்தது. வயது முதிர்ந்த ஆட்டின் சதையிலுள்ள இணைப்பு நார்கள் இறுகிப்போகின்றன. எந்தப் பொடியும் அந்நாரை இளக்காது. கிடாயின் கடுமையான வாடையும், அதன் கொழுப்பிலுள்ள ஒருவகை அமிலங்களால் எழுவது. உரிய காலத்தில் விதையடித்தலே அதைக் குறைக்கும் வழி. ஆனால் நிறம், கொழுப்பின் தன்மை, கெடாமலிருக்கும் நேரம் ஆகிய மூன்றிலும் தீவனத்துக்குப் பங்குண்டு. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நிறமும் பசுமையும்

நீலத் தொட்டியில் தோய்த்து எடுத்த நூல் முதலில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறுவதைச் சாயத் தொழிலை அறிந்த நெசவாளர் கண்டிருப்பர். இறைச்சியிலும் காற்றினால் இத்தகைய நிறமாற்றம் நிகழ்கிறது. தசையில் மயோகுளோபின் என்னும் நிறப்பொருள் உளது. புதிதாக வெட்டிய சதையின் உட்புறம் கருஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் அது நல்ல சிவப்பாகும். நேரம் செல்லச் செல்ல அந்நிறப்பொருள் மேலும் மாறிப் பழுப்பாகிவிடும். பழுப்பேறிய இறைச்சியை வாங்குவோர் ஒதுக்குவர். அதே வேளையில் கொழுப்பும் காற்றினால் தாக்குண்டு காறல் வாடை பெறுகிறது.

இவ்விரு கேடுகளையும் தாமதப்படுத்துவது வைட்டமின் ஈ என்னும் சத்தாகும். அது தசையின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய படலங்களில் தங்கி, கொழுப்பைப் பிராணவாயுவின் தாக்குதலினின்று காக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், தீவனத்துடன் வைட்டமின் ஈ சேர்த்து வளர்த்த காளைகளின் இறைச்சி, சேர்க்காதவற்றின் இறைச்சியைவிட நிறம் மங்காமலும் காறல் ஏறாமலும் நீண்ட நேரம் நின்றது.

இச்சத்தைக் கடையில் வாங்க வேண்டுமா? அதுவே இங்கு எழும் கேள்வி. பசும்புல்லிலும் பசுந்தழையிலும் வைட்டமின் ஈ இயற்கையாகவே நிரம்ப உளது. வெயிலில் நெடுநேரம் உலர்த்திய தீவனத்தில் அது பெரிதும் அழிந்துவிடுகிறது. வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் மிகச் சொற்பமே. எனவே நாள்தோறும் மேய்ந்து பசுந்தழை உண்ணும் ஆட்டுக்கு மேலும் ஒரு பொடியைக் கொடுப்பதால் நிறத்தில் வேறுபாடு காண்பது அரிது. கோடையில் வைக்கோலும் தவிடும் உண்டு நிற்கும் ஆட்டுக்கோ, பசுந்தழை கிடைத்தாலே போதும், வேறுபாடு தெரியும். பட்டினி கிடந்தவனுக்கு ஒரு கவளம் சோறு செய்வதை, வயிறு நிரம்பியவனுக்கு விருந்தும் செய்யாதன்றோ?

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இச்சத்து தசையில் சேர்வதற்குப் பல வாரங்கள் வேண்டும். விற்பதற்கு முன் ஒரு வாரம் தழை கட்டுவதனால் பயனில்லை. கடைசி இரண்டு மூன்று மாதங்களேனும் இடைவிடாது கொடுத்தல் வேண்டும்.

துவர்ப்பின் வேலை

பருத்தி நூலுக்குச் சாயமேற்றுமுன் கடுக்காய் நீரில் தோய்ப்பது பழைய வழக்கம். தோலைப் பதனிட ஆவாரம்பட்டையையும் கருவேலம்பட்டையையும் பயன்படுத்துவதும் அவ்வாறே. இவற்றிலெல்லாம் வேலை செய்வது துவர்ப்புச் சத்தாகும். அது புரதத்தைப் பற்றிப் பிடிக்கும் இயல்புடையது. ஆட்டின் வயிற்றிலும் அது அவ்வேலையையே செய்கிறது.

ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளாலானது. முதலாவதான பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்து தீவனத்தை நொதிக்கச் செய்கின்றன. தீவனத்திலுள்ள நல்ல புரதத்தில் ஒரு பகுதியை அவை சிதைத்துவிடுகின்றன. அதில் சிறிது வீணாகி வெளியேறுகிறது. துவர்ப்புச் சத்து அளவாக இருக்குமாயின், முதல் அறையில் புரதத்தைப் பற்றிக் காத்து, அமிலம் மிகுந்த நான்காம் அறையை அடைந்ததும் விட்டுவிடுகிறது. ஆதலால் ஆட்டுக்குக் கிடைக்கும் புரதம் மிகுகிறது.

அந்நுண்ணுயிர்கள் மற்றொரு வேலையும் செய்கின்றன. தழையிலுள்ள இளகிய கொழுப்புகளை இறுகிய கொழுப்புகளாக மாற்றுகின்றன. ஆட்டுக் கொழுப்பு குளிர்ந்ததும் மெழுகுபோல் உறைவதற்கு இது ஒரு காரணம். துவர்ப்புச் சத்து இம்மாற்றத்தை ஓரளவு தடுக்கிறது. இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலுள்ள கட்டானியாப் பல்கலைக்கழகத்தார் செம்மறிக் குட்டிகளுக்குத் துவர்ப்புச் சத்தைத் தீவனத்துடன் கொடுத்து நடத்திய ஆய்வுகளில், கொழுப்பின் இயல்பு மாறியதையும், இறைச்சியின் நிறம் நீடித்ததையும் கண்டனர்.

ஆனால் அளவு மீறலாகாது. உலர்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை துவர்ப்புச் சத்து நன்மை பயக்கும். ஐந்து பங்குக்கு மேற்சென்றால் ஆடு தீவனத்தை வெறுக்கும், ஜீரணமும் குறையும். கருவேலங்காய் துவர்ப்பு மிகுந்தது. கோடையில் உதிரும் அதனைத் தனித்தீவனமாகக் குவித்துவிடாமல், புல்லுடனும் பிற தழையுடனும் கலந்தே இடுதல் வேண்டும்.

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும், பயறுவகைக் கொடிகளும், வெள்வேல மரங்களும் ஒருங்கே நிற்பதையும், கிளுவை வேலி அவற்றைச் சூழ்ந்திருப்பதையும் அங்கத்தினர் பலர் அறிவர். புல், பயறு, மரத்தின் காய் ஆகிய மூன்றையும் ஆடு தன் விருப்பப்படி கலந்து உண்ண அங்கு வழி இருக்கிறது. இன்று ஆராய்ச்சிச் சாலைகள் கூறும் கலப்புத் தீவனத்தை நம் முன்னோர் காட்டிலேயே அமைத்துவிட்டனர் எனலாம்.

மணமுள்ள இலைகளும் முருங்கையும்

ஸ்பெயின் நாட்டின் முர்சியாப் பல்கலைக்கழகத்தார், நறுமண எண்ணெய் வடித்தபின் எஞ்சிய ரோஸ்மேரி இலையையும் தைம் இலையையும் சினையாடுகளுக்குக் கொடுத்தனர். அவை ஈன்ற குட்டிகளின் இறைச்சி காறல் ஏறாமல் அதிக நாள் நின்றதாக 2010-இல் வெளியான அவர்தம் கட்டுரைகள் கூறுகின்றன. ஆகவே இலையிலுள்ள காப்புப் பொருள்கள் இறைச்சிவரை செல்லக்கூடும் என்பது மெய்யே. அவர்கள் விலையுயர்ந்த மருந்தைக் கொடுக்கவில்லை. தொழிற்சாலை கழித்த சக்கையையே கொடுத்தனர் என்பதும் கருதத்தக்கது.

நம் நாட்டு மரமாகிய முருங்கையைத் தென்னாப்பிரிக்காவிலுள்ள போர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தார் வெள்ளாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வெறும் உலர்புல் உண்டவற்றைவிட முருங்கைத் தழைத்தூள் சேர்த்து உண்டவை நன்கு வளர்ந்தன; அவற்றின் இறைச்சியை உண்டு பார்த்தோரும் விரும்பினர். ஆனால் அதே ஆய்வில் சூரியகாந்திப் பிண்ணாக்கு உண்ட ஆடுகளும் ஏறக்குறைய அதேயளவு எடை கூடின. எடை கூடியதற்குக் காரணம் மந்திரமன்று. குறைந்திருந்த புரதம் நிறைவானதே என்பது இதனால் விளங்கும்.

மஞ்சள், பூண்டு, வெந்தயம் முதலியவை பொடிகளில் பெரிதும் கூறப்படுகின்றன. இவை நஞ்சல்ல. எனினும் மஞ்சளின் நிறப்பொருள் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுவது. ஒரு சிட்டிகைப் பொடியால் ஓர் ஆட்டின் தசை முழுதும் மாறும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எந்தத் தழை, எவ்வளவு?

ஓர் ஆடு தன் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு உலர்தீவனம் உண்ணும். 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 800 கிராம் வேண்டும் என்று கொள்வோம். இதில் மூன்றிலொரு பங்கைப் பயறுவகை மரத்தழையாகக் கொடுக்கலாம். பசுந்தழையில் பெரும்பகுதி நீராதலால், அது ஏறக்குறைய ஒரு கிலோ பசுந்தழையாகும். எஞ்சியது புல்லும் உலர்தீவனமுமாக இருக்கட்டும்.

அகத்தி இவற்றுள் முதன்மையானது. அதன் உலர்ந்த இலையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதமாகும். வெற்றிலைக் கொடிக்காலிலும் வாய்க்கால் வரப்பிலும் எளிதில் வளர்வது. முருங்கைத் தழையும் புரதத்தில் அதற்கு இளைத்ததன்று.

சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் வழங்கும் மரத்தின் தழையும் சத்துள்ளதே. ஆனால் அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உளது. தனித்தீவனமாக நெடுநாள் உண்ணும் ஆட்டுக்கு மயிர் உதிரும். கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இவ்வாறு நலிவுற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் மட்டும் அத்தழையைத் தின்றும் நலமாக இருந்தமையை ரேமண்டு ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார். அந்த ஆடுகளின் வயிற்றில் அந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருந்தமை பின்னர் உறுதியாயிற்று. 1992-இல் அந்நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சார்த்தினர். நம் ஆடுகளின் வயிற்றில் அது உண்டா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆதலால் மூன்றிலொரு பங்குக்கு மேல் சவுண்டல் தழை கொடாதிருப்பதே அறிவுடைமை.

புதிய தழை எதையும் திடீரென்று நிறைய இடலாகாது. வயிற்று நுண்ணுயிர்கள் பழகுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். சிறிது சிறிதாகக் கூட்டுதல் நலம்.

விலக்க வேண்டியவை

மூலிகை என்ற பெயர் பெற்றதெல்லாம் ஆட்டுக்கு நல்லதன்று. இதனை நம் மொழியே எச்சரிக்கிறது. ஆடு தொடா இலை என்பதனால் ஆடாதொடை. ஆடு தின்னாத காரணத்தால் ஆடுதின்னாப்பாளை. பின்னதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது. பூச்சி மருந்து என்று எண்ணி இதனை அரைத்துப் புகட்டும் வழக்கத்தை அறவே கைவிடுதல் வேண்டும். ஆடே ஒதுக்கியதை நாம் ஏன் அதன் வாயில் திணிக்க வேண்டும்?

உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். அதனை உண்ட ஆட்டின் தோல் வெயில் பட்டுப் புண்ணாகும். அரளியில் சில இலைகளே உயிரைக் குடிக்கும். முளைத்துச் சில வாரமே ஆன சோளப்பயிரிலும், வறட்சியில் வாடிய சோளத்திலும், மரவள்ளியின் பச்சை இலையிலும் கொடிய நஞ்சு விளைவதுண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளி இலை மிகுதியாகக் கிடைக்கும். அதனை நன்கு வெயிலில் உலர்த்தியபின் அளவாக இடலாம், பச்சையாக இடலாகாது.

பருத்திக் காட்டில் மருந்து தெளித்த நாள்களில் வரப்புப் புல்லை அறுத்துப் போடுதலும் தவறு. அந்நஞ்சு ஆட்டை வருத்துவதோடு இறைச்சியிலும் தங்கக்கூடும். செம்மறி வளர்ப்போர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். செம்மறிக்குத் தாமிரச் சத்து மிகுந்தால் அதுவே நஞ்சாகும். மாட்டுக்கென்று விற்கும் தாதுஉப்புக் கலவையைக் கால்நடை மருத்துவரைக் கேளாமல் செம்மறிக்குக் கொடுக்கலாகாது.

கடைசி ஒரு நாள்

மூன்று மாதம் செய்த நல்ல காரியத்தை ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். உயிருள்ள ஆட்டின் தசையில் ஒருவகைச் சர்க்கரைச் சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அறுத்தபின் அது அமிலமாக மாறுகிறது. ஏழு என்ற அளவில் இருந்த பி.எச். எண் ஒரு நாளைக்குள் ஐந்தரைக்கு அருகில் இறங்குமாயின் இறைச்சி நல்ல நிறம் பெறும்; கிருமிகளும் விரைந்து பெருகா. ஆனால் கால்களைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டும், வெயிலில் நடத்தியும், நாய் துரத்த ஓடவிட்டும் கொண்டுசென்ற ஆட்டின் தசையில் அச்சர்க்கரை முன்னரே தீர்ந்துபோகிறது. அமிலம் உண்டாக வழியில்லை. பி.எச். எண் ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். அத்தகைய இறைச்சி கருத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். வெள்ளாடு எளிதில் மிரளும் பிராணியாதலால் இக்கேடு அதற்கு மிகுதி.

முதல் நாள் மாலையே ஆட்டைக் கொண்டுசேர்த்து, நிழலில் இளைப்பாறவிட்டு, இரவு முழுதும் தண்ணீர் கிடைக்கச் செய்தல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. எந்த மூலிகைப் பொடியும் இதற்கு ஈடாகாது.

பொடி வாங்குமுன் கேட்க வேண்டியவை

பொட்டலத்தின் மேல் அதிலுள்ள பொருள்களும் அவற்றின் அளவும் எழுதப்பட்டுள்ளனவா? புரதம் எவ்வளவு என்று காட்டியுள்ளனரா? செய்தோர் பெயரும், தயாரித்த நாளும் உளவா? இவை இல்லாத பொடியை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது. இவை இருப்பினும், அதே பணத்துக்கு எவ்வளவு கடலைப் பிண்ணாக்கு வாங்கலாம் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பிண்ணாக்கும் பூசணம் பிடியாததாக இருத்தல் இன்றியமையாதது.

ஐயம் தீரச் சோதிக்க விரும்புவோர்க்கு எளிய வழியொன்று உண்டு. ஒரே வயதும் ஏறக்குறைய ஒரே எடையும் உள்ள பத்துக் குட்டிகளை ஐந்தைந்தாகப் பிரித்துக்கொள்க. இரு பிரிவுக்கும் தீவனம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் பொடி கொடுக்க. வாரம் ஒருமுறை காலையில் தீவனம் வைக்குமுன் எடை பார்த்து எழுதி வருக. மூன்று மாதத்தில் உண்மை தானே வெளிப்படும். ஓர் ஆடு கொழுத்ததைக் கொண்டு பொடியைப் புகழ்வதும், ஓர் ஆடு இளைத்ததைக் கொண்டு இகழ்வதும் ஆராய்ச்சியாகா.

சங்கம் செய்யத்தக்கது

இத்துணையும் கூறியபின் ஒரு கசப்பான உண்மையையும் கூற வேண்டியவர்களாகிறோம். தழையிட்டு வளர்த்த நல்ல ஆட்டுக்கும் வைக்கோல் தின்ற ஆட்டுக்கும் சந்தையில் வேறு வேறு விலை கிடைப்பதில்லை. பெரும்பாலான சந்தைகளில் ஆடு கண்மதிப்பால் விற்கப்படுகிறது. ஆட்டின் உயிர் எடையில் ஏறக்குறைய பாதியளவே இறைச்சியாகத் தேறும். கண்மதிப்பில் இரண்டு கிலோ குறைந்தால், ஒரு கிலோ இறைச்சியின் விலை நம் வீட்டுக்கு வாராது போகிறது. தறியில் நெய்து ஈட்டும் கூலிக்கு நிகரான தொகை இவ்வாறு ஒரு நொடியில் கைநழுவுகிறது.

தனித்து நிற்பவரால் இதனை மாற்ற இயலாது. சங்கத்தின் பெயரால் ஒரு எடைமேடை வாங்கி வைத்து, அங்கத்தினரின் ஆடுகளை எடைபோட்டுச் சேர்ந்து விற்பது முதற்காரியம். புறம்போக்கு வரப்புகளிலும் கிணற்றோரங்களிலும் அகத்தியும் முருங்கையும் நட்டுப் பகிர்ந்துகொள்வது இரண்டாவது. குழித்தறி மட்டுமே உடைய, ஒரு சென்ட் நிலமுமில்லாத நெசவாளருக்கு உழவர் தழை கொடுக்கலாம். அவர் கொட்டிலின் எருவை உழவர் பெறலாம். தழையும் எருவும் கைமாறும்போது இரு சாராரும் கடைக்குச் செல்லும் பணம் மிஞ்சும். கால்நடை மருத்துவரை வரவழைத்து, அவர் சொல்லும் காலத்தில் குடற்புழுவுக்கு உரிய மருந்து கொடுப்பதும், மருந்து கொடுத்தபின் அவர் சொல்லும் நாள்வரை ஆட்டை விற்காதிருப்பதும் மூன்றாவது.

பசுந்தழை, நல்ல தண்ணீர், புழு நீக்கம், அமைதியான கடைசி நாள், சரியான எடை ஆகிய இவ்வைந்தும் கூடிய இடத்தில் மூலிகைப் பொடிக்குப் பெரிதாக வேலையில்லை. இவை கூடாத இடத்தில் அப்பொடி இட்டும் பயனில்லை. வரும் மழைக்கு முன் அகத்தி விதை சேகரித்து வைக்குமாறும், எடைமேடையைப் பற்றி அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுப்புமாறும் அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.